இந்தப் பொட்டி இன்னாத்துக்குயா?

போன மாதம் என் மகள் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் நடந்தது. வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, புது வீடுகளுக்கு நடுவே இருக்கிறது அந்தப் பள்ளி. எங்களை ஒரு ஹாலில் உட்காரவைத்து, புதிதாக வாங்கிய ப்ரொஜெக்டரைப் போட்டார்கள். அது சூடேறியதும் ஒரு வாசனை வந்தது. தூசி வேகிற வாசனை. அதோடு கொஞ்சம் வார்னிஷ், கொஞ்சம் ரப்பர். மற்றவர்கள் எல்லாரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் உள்ளங்கை இரண்டும் தானாக மூடிக்கொண்டன. எனக்கு எப்போதும் இப்படித்தான். முதலில் உடம்புக்கு ஞாபகம் வரும், அப்புறம் மெதுவாக எனக்கு வரும்.

திரையில் ஒரு வகுப்பறை தெரிந்தது. பெஞ்சு, பிள்ளைகள், பைகள் எல்லாம் கூரையிலிருந்து பார்ப்பதுபோல. "இனிமே நீங்க எங்க இருந்தாலும் போன்லயே உங்க குழந்தைய பாக்கலாம்" என்றார் பிரின்சிபல் மேடம். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். மூடிய கையைத் திறக்க எனக்கு அது ஒரு சாக்கு.

கேமரா எனக்குப் புதிது இல்லை. செங்கம் ரோட்டில் ஒரு லாட்ஜில் ரிசப்ஷனில் உட்காருகிறவன் நான். என் முதுகுக்குப் பின்னால் ஒரு டிவி, அதில் கட்டம் கட்டமாக வராந்தா, மாடிப்படி, பின்வாசல். அது எதற்கு என்று எனக்குத் தெரியும். பௌர்ணமிக்கு வருகிற கூட்டத்தில் வாளியும் துண்டும் காணாமல் போகும், அதற்கு. கேமரா மாட்டிய முதல் மாதமே ஒரு வாளித் திருடனைக் கண்டுபிடித்தோம். முதலாளியின் மச்சான். அதற்கப்புறம் அந்தப் பதிவை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். துண்டு விஷயம் இன்னும் தீரவில்லை. ஏனென்றால், எந்தக் கேமராவாக இருந்தாலும் அதற்கு நேர் கீழே கொஞ்சம் இடம் அதன் கண்ணுக்குத் தெரியாது. இது எனக்குத் தெரிவதற்கு முன்னாலேயே துண்டு எடுப்பவர்களுக்குத் தெரிந்திருந்தது.

கூட்டம் முடிந்து பைக்கில் வரும்போது மகள் யாழினி பின்னாலிருந்து கேட்டாள்.

"அப்பா, நீ என்னை தெனம் பாப்பியா?"

"பாதுகாப்புக்கும்மா."

"யார்கிட்டேருந்து?"

வண்டிச் சத்தத்தில் கேட்காதது மாதிரி ஓட்டினேன். ஏழாவது படிக்கிற பெண்ணுக்குப் பத்தாவது படித்த அப்பனால் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். யாழினிக்கும், அவள் தம்பிக்கும், அவர்களோடு படிக்கிற உங்களுக்கும். இதில் அடிதடி இருக்கிறது. பயப்படாமல் படியுங்கள். நடந்து ரொம்ப நாளாகிவிட்டது.

நாங்கள் படித்த பள்ளி ஊருக்குள்ளே, தேர் போகிற வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் இருந்தது. அதற்கு ஒரு இரும்புக் கேட்டு. ஒரு கதவு கீலிலிருந்து கழன்று சுவரில் சாய்ந்தே கிடந்தது. நாங்கள் படித்து முடிக்கிறவரை அதை யாரும் எடுத்து மாட்டவில்லை. மாடு வரும், ஐஸ்காரர் வருவார், கோயிலுக்கு வழி கேட்டு ஆந்திராக்காரர்கள் உள்ளே வந்து நிற்பார்கள்.

நான் எட்டாவது வந்தபோது பள்ளிக்கு மைக் செட் வந்தது. கடைத்தெருவில் பெரிய ஆட்களாகிவிட்ட பழைய மாணவர்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தார்கள். எச்.எம். அறையில் ஆம்ப்ளிஃபையர், மேஜைமேல் ஸ்டாண்டு வைத்த மைக். ஒவ்வொரு வகுப்பிலும் பலகைக்கு மேலே ஒரு மரப்பெட்டி, முகத்தில் பழுப்புத் துணி கட்டி. மொட்டைமாடியில் கூம்பு ஸ்பீக்கர் ஒன்று, பிரேயருக்கு. திறப்பு விழாவில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் பேசினார். "பட்டணத்து கான்வென்ட்டுல கெடைக்கிற இங்கிலீஷு நம்ம ஊரு புள்ளைங்களுக்கும் கெடைக்கணும். அதுக்குத்தான் இது." நாங்கள் கைதட்டினோம். வாழ்க்கையில் நான் கைதட்டிய இடங்களை எல்லாம் யோசித்துப் பார்த்தால் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். ஆரம்பத்தில் அந்தப் பெட்டி நிஜமாகவே நல்ல பெட்டியாக இருந்தது. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் இங்கிலீஷ் டீச்சர் அதில் கதை வாசிப்பார். முதலில் இங்கிலீஷில், பிறகு அதையே தமிழில். வெயில் நேரம், வயிறு நிறைந்திருக்கும். மொத்தப் பள்ளியும் ஒரே குரலைக் கேட்டுக்கொண்டு கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருக்கும். டீச்சர் பக்கம் திருப்புகிற சத்தம்கூடப் பெட்டியில் கேட்கும். கதையில் நாய் வந்தால் குரைத்துக் காட்டுவார். டீச்சரே குரைக்கிறார் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உருண்டு புரண்டு சிரிக்கிற சத்தம் எங்கள் வகுப்பு வரைக்கும் வரும்.

ஒருநாள் எச்.எம். காலைச் செய்திகளை வாசித்துவிட்டு மைக்கை அணைக்க மறந்துவிட்டார். சினிமாவுக்கு ஓடிப்போய் மாட்டிக்கொண்ட ஒரு ஒன்பதாவதுப் பையன் அவர் அறையில் நின்றிருந்தான். பிரம்பு இறங்கியது. எல்லா வகுப்பிலும் இறங்கியது. சளீர் என்று ஒரு சத்தம், "சார் சார் சார்" என்று அவன் குரல், மறுபடி சளீர். எங்களுக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருந்த கணக்கு சார் பலகையைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். சாக்பீஸ் பலகையில் வைத்தது வைத்தபடி இருந்தது. அன்று சாயந்திரம் வரை பள்ளியில் ஒரு பெஞ்சுகூட நகரவில்லை. ஒன்றுக்குப் போகவே யாரும் விரல் தூக்கவில்லை.

எச்.எம்.முக்கு அது புரிந்துவிட்டது. "நான் இத்தனை வருஷம் தொண்டைத் தண்ணி வத்த கத்துனத இந்தப் பொட்டி ஒரே நாள்ல பண்ணிடுச்சு பாருங்க" என்று அவர் ஆசிரியர்களிடம் சொன்னதாகக் கணக்கு சார் எங்களிடம் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரிக்க முயன்றார், வரவில்லை.

அதிலிருந்து அடி எல்லாம் மைக்கில்தான். பிரேயர் முடியும், செய்தி முடியும், பிறகு பெயர் வாசிப்பார். வாசிக்கும்போதே பிரம்பை மேஜையில் தட்டுவார். அது ஒரு மேளம் மாதிரி.

எச்.எம். கெட்ட மனிதர் என்று எழுதிவிட்டால் எனக்கும் சுலபம், உங்களுக்கும் சுலபம். மழை நாளில் தன் குடையைப் பையன்களிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே வீட்டுக்குப் போகிற மனிதர் அவர். கடல் எப்படி உப்பானது என்று அவர் சொன்னால் நாக்கில் கரிக்கும். அப்படிப்பட்டவர் கையில் அந்த மைக் வந்து சேர்ந்தது.

எங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதல் வாரம் நடுங்கினோம். இரண்டாவது வாரம் பழகிவிட்டது. அதற்கப்புறம் பந்தயம் கட்ட ஆரம்பித்தோம். உள்ளே போனவன் "சார்" என்று கத்துவானா, "அம்மா" என்று கத்துவானா? கோலிக்குண்டு, கொடுக்காப்புளி, பாதி தின்ற கடலை மிட்டாய் எல்லாம் பந்தயத்தில் வரும். "எட்டாவது ஏ-ல அந்த ஒல்லி பையன்டா. மொத அடிக்கே அம்மாதான், பாரு" என்று ஒருவன் சொல்வான். அப்படியே நடக்கும். பெஞ்சின் கீழே கைமாறும். இங்கிலீஷ் டீச்சர் கதை வாசிப்பதை நிறுத்திவிட்டார். கேட்டதற்கு, "அந்த மைக்கை நான் தொட மாட்டேன்பா" என்று மட்டும் சொன்னார். கதை நின்றுபோனதை நாங்கள் அவ்வளவாகக் கவனிக்கவில்லை. அதைவிட ருசியானது கிடைத்துவிட்டதே.

பந்தயம் கட்டாத ஒரே ஆள் ஏழுமலை. பத்தாம் வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம். அவன் வேறு உலகத்தில் இருப்பான். வாய்க்குள்ளேயே விசில் அடித்து, "வேட்டவலம் ரோடு எறங்கு, எறங்கு! ஏய் கெழவி, கூடைய தூக்கு!" என்று டவுன் பஸ் ஓட்டிக்கொண்டிருப்பான். அவனுடைய அம்மா அஞ்சலை பள்ளி கேட்டுக்கு வெளியே வாதநாராயண மரத்தடியில் கூடை வைத்து மாங்காய் விற்பாள். அப்பா கிடையாது. மாங்காயைப் பத்தை போட்டு, உப்பும் மிளகாய்த்தூளும் கையாலேயே அள்ளித் தடவிக் கொடுப்பாள். அந்தக் கை எப்போதும் சிவப்பாகவே இருக்கும். ஊரெல்லாம் விட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்ததற்குக் காரணம் ஏழுமலைதான். மகன் இடையில் எழுந்து ஓடிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், பத்தாவது பாஸ் பண்ணவைக்க வேண்டும்.

"கண்டக்டர் வேலைக்கு பத்தாவது கேக்குறாங்கோ" என்பாள் யாரைப் பார்த்தாலும். "காக்கிச் சட்டை, தோள்ல தோல் பையி, காதுல பேனா. அப்படி எம்புள்ள பஸ்ல தொங்கிக்கினு போறத ஒருநாளு பாத்துட்டேன்னா போதும். நானே டிக்கெட் எடுத்துக்கினு ஏறுவேன். ஓசில போமாட்டேன்." எங்களிடம் உளவும் கேட்பாள். "டேய், இவன் உள்ள படிக்கிறானா, பஸ்ஸு ஓட்றானா?" படிக்கிறான் என்று சொன்னால் ஒரு பத்தை சும்மா கிடைக்கும். அந்த வருஷம் ஏழுமலை ரொம்ப நன்றாகப் படித்தான், எங்கள் வாயில்.

பொதுத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்த சமயம். பௌர்ணமி முடிந்த மறுநாள் நான் தாமதமாகப் போனேன். ராத்திரி கிரிவலப் பாதையில் எங்கள் அப்பா மோர்ப் பானை வைத்திருந்தார், நான் தம்ளர் கழுவினேன். விடிந்தபின் படுத்தவன் எழுந்திருக்கவில்லை. அடுத்த நாள் பிரேயர் முடிந்து பெட்டியில் என் பெயர் வந்தது.

அந்த வாசனையை எச்.எம். அறையில்தான் முதலில் முகர்ந்தேன். ஆம்ப்ளிஃபையர் சூட்டில் வேகிற தூசி. கையை நீட்டச் சொன்னார். நீட்டிய கைக்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு ஜாண்தான் இருக்கும். பிரம்பு இறங்கும்போது எனக்கு வலியைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. எங்கள் வகுப்பில் இந்நேரம் என் பெயரில் கோலி எவ்வளவு விழுந்திருக்கும்? எங்கள் 'பி' பிரிவில் பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். வாயைக் கடித்துக்கொண்டேன். கடைசி அடி விரல் முட்டியில் விழுந்தது. கத்திவிட்டேன். "அம்மா"தான்.

வீங்கிய கையோடு வகுப்புக்கு வந்தால் யாரும் சிரிக்கவில்லை. எல்லார் முகத்திலும் ஒரு ஏமாற்றம். "ஒண்ணும் கேக்கலடா. பொட்டி பேசல" என்றான் ஒருவன். நான் ஏழுமலையைப் பார்த்தேன். அவன் வேட்டவலம் ரோட்டில் ஆள் இறக்கிக்கொண்டிருந்தான். பலகைக்கு மேலே பார்த்தேன். பெட்டியின் பின்னாலிருந்து ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. என் பெயரை வாசித்ததுமே பெஞ்சில் ஏறிப் பிடுங்கியிருக்கிறான்.

"ஏன்டா?" என்றேன்.

"சும்மா இரு. டிக்கெட் எடுத்தியா?"

அவ்வளவுதான் பேசினான். சாயந்திரத்துக்குள் செய்தி எச்.எம்.முக்குப் போய்விட்டது. யார் சொன்னார்கள் என்று இன்றுவரை தெரியாது.

மறுநாள் காலை ஏழுமலை பெயர் வந்தது. ஒயரைத் திரும்ப மாட்டியிருந்தார்கள். அதோடு, அன்று எச்.எம்.முக்கு இருந்த ஆத்திரத்தில் வகுப்புப் பெட்டிகள் போதவில்லை. பிரேயரோடு அணைக்கிற கூம்பு ஸ்பீக்கரை அன்று அணைக்கவே இல்லை. எங்களுக்கு ஒரு அடி இரண்டாகக் கேட்டது. முதலில் பெட்டியில், அடுத்த நொடி மாடிக்கு மேலிருந்து, ஊருக்கு.

"பள்ளிக்கூட பொருள உடைக்கிறவனுக்கு என்ன கெடைக்கும்னு எல்லாரும் கேளுங்க." சளீர். சளீர். ஏழுமலையிடமிருந்து சத்தமே வரவில்லை. பந்தயம் கட்டியவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். 'சாரும்' இல்லை, 'அம்மாவும்' இல்லை. அடி வேகமானது. எச்.எம்.முக்கு மூச்சு வாங்குவது பெட்டியில் கேட்டது.

"அழுடா."

சளீர்.

"ஊரே கேக்குது. அழுடான்றேன்!"

சளீர்.

"அழ மாட்ட? கண்டக்டர் துரைக்கு அழுக வராதோ?"

பிறகு பிரம்புச் சத்தம் இல்லை. கையால் அறைகிற சத்தம். ஒரு முறை, மறுபடி ஒரு முறை. மைக் கீச்சென்று கத்தியது. முன் பெஞ்சுப் பெண்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். கணக்கு சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

அந்தக் கீச்சு அடங்கியபோது பெட்டியில் வேறு ஒரு குரல் கேட்டது.

"உடுய்யா அவன!"

எங்கள் எல்லாருக்கும் தெரிந்த குரல். தினமும் எங்களிடம் உளவு கேட்கிற குரல்.

"ஏய், யாரும்மா நீ? வெளிய போ!"

"நான் யாருன்னு தெரியாதா? ஒம்பொண்டாட்டிக்கு தெனம் மாங்கா பத்த கட்டி குடுத்தனுப்புறேனே, அப்போ தெரியும், இப்போ தெரியாதா?"

எங்கள் வகுப்பில் ஒருவன் சிரித்துவிட்டான். மற்றவர்கள் அவனை முறைத்தார்கள்.

"எம்புள்ளைய அடி, வேணான்னு சொல்லல. அடிச்சி படிக்க வையின்னுதான் ஒன்னாண்ட உட்டேன். நானும் அடிக்கிறேன், தொடப்பக்கட்டையால. கதவ சாத்திக்கினு அடிக்கிறேன். இது இன்னாது? டீக்கடையில ஆம்பளைங்க கிளாஸ கீழ வெச்சுட்டு கேக்குறானுங்க. இந்தப் பொட்டி இன்னாத்துக்குயா? படிக்கவா, ஊர கூட்டவா? சொல்லு!"

"மாணிக்கம்! மைக்க அணைடா!" என்று எச்.எம். பியூனைக் கூப்பிட்டார்.

"அணைக்காத! இத்தினி நேரம் கேட்டாங்கல்ல? இதையும் கேக்கட்டும்."

அதற்கப்புறம் நடந்தது எல்லாம் வெறும் சத்தம்தான். நாற்காலி இழுபடுகிற சத்தம். வளையல் உடைகிற சத்தம். யாரோ விழுகிற சத்தம். "எங்கம்மாவ தொடாத!" என்று ஏழுமலை. உடனே இரும்பு எதிலோ மோதுகிற சத்தம், எச்.எம். "ஐயோ" என்ற சத்தம். கொஞ்ச நேரம் மூச்சு மட்டும். அதற்குப் பிறகு வந்ததுதான் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "அம்மா...!" என்று ஏழுமலை அலறினான். அவ்வளவு நேரம் அடக்கிய எல்லாவற்றையும் சேர்த்து அலறினான். அது மாடியில் மோதி வீதிக்குப் போயிற்று.

அவனைக் கொன்றுவிட்டார்கள் என்று நினைத்துத்தான் நாங்கள் ஓடினோம். கணக்கு சாரும் எங்களோடு ஓடினார்.

நடந்தது வேறு. எச்.எம். அறை வாசலில் எல்லாம் தெரிந்தது. அஞ்சலையைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறார்கள், விழுந்திருக்கிறாள். ஏழுமலை மைக் ஸ்டாண்டை எடுத்து வீசியிருக்கிறான். எச்.எம்.முடைய புருவம் கிழிந்து வெள்ளைச் சட்டை முன்பக்கம் முழுக்க ரத்தம். ஏழுமலைக்கு இடது காதிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அஞ்சலை எழுந்து அதைத் துடைத்திருக்கிறாள். மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு அப்படியே ஓடி வந்திருந்தாள். உப்பும் மிளகாய்த்தூளும் ஒட்டிய அதே கையால் மகனுடைய கிழிந்த காதைத் துடைத்திருக்கிறாள். அந்த அலறல் அதற்குத்தான். எச்.எம். அவ்வளவு அடித்தும் வாங்க முடியாத அழுகையைப் பெற்றவள் கை வாங்கிவிட்டது. அவள் தன் கையைப் பார்த்தாள், புடவையில் தேய்த்தாள், தலையில் அடித்துக்கொண்டாள். மைக் தரையில் கிடந்தது. அது இன்னும் அணையவில்லை. அவள் தலையில் அடித்துக்கொள்வதும் பெட்டியில் கேட்டுக்கொண்டிருந்தது.

மோதிய சத்தம், உடைந்த சத்தம், அலறிய சத்தம் எல்லாவற்றையும் பெட்டி கொண்டுவந்தது. யார் யாருக்கு என்ன செய்தார்கள் என்பதை அது கொண்டுவரவில்லை. அதற்கு நாங்கள் ஓட வேண்டியிருந்தது.

எச்.எம்.முக்குத் தையல் போட்டார்கள். போலீஸ் வரைக்கும் போக வேண்டாம், பையன் டி.சி. வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பள்ளி நிர்வாகத்தில் பேசி முடித்தார்கள். பரீட்சைக்கு ஹால் டிக்கெட் கிடையாது. அஞ்சலை எச்.எம். வீட்டுக்குப் போய் வாசலில் விழுந்தாள். "அடிச்சது எம்மேல வெச்சுக்கோ சாமி, ஜெயிலுக்கு வேணா நான் போறேன். இவன் பரீட்ச மட்டும் எழுதட்டும்." எச்.எம்.முடைய மனைவி உள்ளே நின்று அழுதாராம். எச்.எம். கட்டுப்போட்ட நெற்றியோடு வெளியே வந்து, "நான் மன்னிச்சிட்டேம்மா. பள்ளிக்கூடம்னு ஒண்ணு இருக்குதில்ல" என்றாராம்.

நாங்கள் பரீட்சை எழுதினோம். ஏழுமலை மார்க்கெட் கமிட்டியில் நெல் மூட்டை தூக்கினான்.

மைக் செட்டைப் பழுதுபார்த்தார்கள். புதிதாக ஒரு ஏற்பாடும் செய்தார்கள். மைக் உயிரோடு இருந்தால் எரிகிற மாதிரி மேஜையில் ஒரு சிவப்பு பல்பு. நடந்த அத்தனையிலிருந்தும் எங்கள் பள்ளி கற்றுக்கொண்டது அந்தச் சிவப்பு பல்பு ஒன்றைத்தான். அடி நிற்கவில்லை. கதவுக்கு உள்ளே போய்விட்டது. இங்கிலீஷ் டீச்சர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்தப் பெட்டியில் பிறகு கதை வரவே இல்லை.

இப்போது போன வாரத்துக்கு வருகிறேன். லாட்ஜில் கூட்டம் இல்லாத மதியம். போனை எடுத்து யாழினியின் வகுப்பைப் பார்த்தேன். நானும் எல்லா அப்பன்களையும் போலத்தானே. சத்தம் வராது, படம் மட்டும். பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான். முன்னால் நடந்து வந்தான். பலகைக்கு மேலே இருக்கிற கேமராவை நோக்கி வந்து, படத்தின் கீழ் விளிம்பில் காணாமல் போனான். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் போனான், கன்னத்தில் கை வைத்துக்கொண்டு. அடுத்தவன் எழுந்தான். அவனும் கீழே காணாமல் போனான். அவனும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு திரும்பினான். மற்ற பிள்ளைகள் எல்லாரும் படத்துக்கு வெளியே ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாழினி மட்டும் தலையைக் குனிந்திருந்தாள். எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. எங்கள் லாட்ஜில் துண்டு காணாமல் போகிற இடம் அது. பிள்ளைகள் அந்த மூலைக்கு 'டவர் இல்லாத எடம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள் என்று யாழினி அன்று சாயந்திரம் சொன்னாள்.

பெற்றோர் வாட்ஸாப் குழுவில் அதற்குள் ஒருவர் எழுதியிருந்தார். "க்ளாஸ் எவ்ளோ சைலன்ட்டா இருக்கு பாருங்க. சூப்பர் மேடம்." கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். அந்தக் கோலிக்குண்டுகள் எனக்கு ஞாபகம் வந்தன.

வெளியே ஓடினேன். ஸ்டாண்டில் முதல் ஆட்டோ ஏழுமலையுடையது. ஆமாம், அதே ஏழுமலை. மூட்டை தூக்கினான், பெங்களூர் போனான், திரும்பி வந்து ஆட்டோ வாங்கினான். இடது காது கேட்காது. அவனிடம் பேச வலதுபக்கம் போக வேண்டும். அஞ்சலை கடைசிவரை பஸ் ஸ்டாண்டில்தான் மாங்காய் விற்றாள். பஸ்ஸில் தொங்குகிற பையன்களைப் பார்த்துக்கொண்டே விற்றாள். அவள் போய்ச் சில வருஷமாகிறது.

வழியில் சிக்னலில் அவனிடம் போனைக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தான். அதைத் தன் வலது காதில் வைத்துப் பார்த்தான்.

"சத்தம் வரல?"

"இதுல சத்தம் கெடையாதுடா."

"அப்பறம் இன்னாத்துக்கு இது?"

அவன் தன் அம்மா மாதிரியே கேட்டதை அவன் கவனிக்கவில்லை. பச்சை விழுந்தது, ஓட்டினான்.

பள்ளி வாசலில் ஆள் உயரத்துக்கு மேலே இரும்புத் தகடு அடித்த கேட்டு. அதில் ஒரு சின்ன ஓட்டை. ஓட்டையில் செக்யூரிட்டியின் கண்ணும் மீசையும் தெரிந்தன.

"சார், அப்பாயின்ட்மென்ட் இருக்குதுங்களா?"

"உள்ள பசங்கள அடிக்கிறாங்கப்பா. தொற."

"அதெல்லாம் இல்லீங்க சார், கேமரா இருக்குதே. ஆப்லயே எல்லாம் தெரியுமே. நீங்க ஏன் வெயில்ல வந்து நிக்குறீங்க?"

ஓட்டையை மூடிக்கொண்டார். நான் கேட்டைத் தட்டினேன். கை வலிக்கத் தட்டினேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. போனில் யாழினி கட்டைவிரல் அளவுக்குத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். ஏழுமலை ஆட்டோவை விட்டு இறங்கி வந்து கேட்டை மேலும் கீழும் பார்த்தான்.

"இந்த மாதிரி கேட்டு அன்னிக்கு இருந்திருந்தா எங்கம்மா வெளியவே நின்னிருக்கும் இல்ல?"

"ஆமாண்டா."

"நான் பரீட்ச எழுதியிருப்பேன். கண்டக்டர் ஆயிருப்பேன்."

சிரித்தான். பிறகு சிரிப்பை விட்டுவிட்டு, வலது காதைத் தகட்டில் ஒட்டிவைத்துக் கேட்டான். நான் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் இல்லை என்று தலையாட்டினான். அப்புறம் இரண்டு பேருமாகச் சேர்ந்து தட்டினோம்.

நாங்கள் படித்த பள்ளியிலும் இப்போது கேட்டை மாற்றிவிட்டார்கள். அந்தக் கழன்ற கதவு இல்லை, வாதநாராயண மரம் இல்லை, மரப்பெட்டி இல்லை. பிரம்பும் இல்லை என்கிறார்கள், நல்லது. பிள்ளைகளா, உங்கள் பள்ளி வாசலில் ஒருநாள் நின்று பாருங்கள். கூடை வைக்க அங்கே யாரையும் விடுவதில்லை. உள்ளே ஒரு பிள்ளை அடி வாங்கினால், கையில் ஒட்டியிருப்பதைக்கூடத் துடைக்காமல் ஓடி வருகிற தூரத்தில் அங்கே யாரும் உட்கார்ந்திருப்பதில்லை.